இன்னும் ரெண்டு வார்த்தை

கலியாணசுந்தரம் "இறுதியாக" என்று சொன்னதும், சந்திரமதி கணவனின் தலைமாட்டிலிருந்து எழுந்து, கதவோரம் நின்ற தியாகுவிடம் போனாள்.

"அவரு முடிச்சதும் நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க தம்பி" என்றாள்.

தியாகு தமிழர் சங்கத்தின் செயலாளர், கலியாணசுந்தரம் தலைவர். அவள் கணவர் ராஜரத்தினம் வாத்தியார் உயிரோடு இருந்தவரை, சங்கத்தார் வந்தால் இந்த அம்மாள் கோப்பியை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனால் அவர்கள் செருப்பை மாட்டும்வரை வெளியே வர மாட்டாள். இன்று அவளே பேச்சாளர் பட்டியலை நீட்டிக்கொண்டிருந்தாள். தியாகு தனக்கென்ன பேசத் தெரியும் என்று ஒப்புக்குச் சொல்லியபடி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உரை பத்திரமாக இருந்தது.

அவசரம் ஒன்றுமில்லை. தலைவரின் "இறுதியாக" காஜா பெராங் ஊர் முழுவதும் அறிந்த விஷயம். ஒரு பேச்சில் அது மூன்று தடவை வரும். முதலாவது வந்ததும் உலை வைத்தால் மூன்றாவது வருவதற்குள் சோறு வடித்துவிடலாம். மெர்டேக்கா விழாவுக்கென்று சங்கம் வாங்கிய ஒலிபெருக்கி வாசல் ரம்புத்தான் மரத்தில் கட்டியிருந்தது. சுதந்திரம் கிடைத்த பின் அதற்கு வேறு வேலையில்லாமல் இருந்ததால், வாத்தியாரின் சாவு சங்கத்துக்கு ஒருவகையில் வசதியாகவே அமைந்தது. கம்போங் செட்டிக் குடியிருப்பிலிருந்து வந்திருந்த அக்கம்பக்கத்தார் மரியாதையாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் மலாய் பேசும் அவர்களுக்குத் தலைவரின் செந்தமிழ் ஒரு சொல்லும் விளங்கவில்லை. தமிழர்களுக்கும் விளங்கவில்லை. அந்த மட்டில் கூட்டத்தில் சமத்துவம் நிலவியது.

அன்று காலையில் சந்திரமதி கோப்பியோடு போனபோது வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். செய்தி பரவியதும் தியாகு ஓடிவந்து தந்திகளுக்கு ஏற்பாடு செய்தார். சிங்கப்பூர்ப் பத்திரிகைக்கு ஒன்று, பினாங்கு மாநாட்டுக் குழுவுக்கு ஒன்று, லண்டனில் ஒரு பேராசிரியருக்கு ஒன்று. அந்தப் பேராசிரியர் என்றோ ஒருநாள் "தங்கள் கட்டுரை கிடைத்தது" என்று வாத்தியாருக்கு ஒரு வரி எழுதியிருந்தார். அன்றிலிருந்து சங்க அழைப்பிதழ்களில் வாத்தியார் 'லண்டன் போற்றிய அறிஞர்' ஆனார்.

"கமலவேணிக்கு?" என்று சந்திரமதி கேட்டாள்.

தியாகு தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

"அவரு மனசுக்கு விரோதமா நாம ஒண்ணும் செஞ்சிடக் கூடாதில்லையா, தங்கச்சி" என்றார்.

கமலவேணி ஒரே மகள். சிகாமட்டில் இருக்கிறாள். அவள் கட்டிக்கொண்ட தேவதாஸ் அங்கே தபால்காரன். அவனுடைய தகப்பன் இதே ஊரில் வீடு வீடாக மலவாளி எடுத்தவர். மகள் வந்து விஷயத்தைச் சொன்ன அன்று வாத்தியார் தமது ஆராய்ச்சியில் 'மனிதருள் பேதமில்லை' என்ற அத்தியாயத்தின் நடுவில் இருந்தார். அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு அத்தியாயத்தைத் தொடர்ந்தார்.

தலைவர் சொன்னதைக் கேட்ட சந்திரமதி கொல்லைப்புறமாகப் போய், முனையில் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கேயிடம் நின்றாள். அவர் கடையில் தொலைபேசி இருந்தது. அவருக்குச் சிகாமட்டில் ரப்பர் கடை வைத்த மைத்துனர் இருந்தார். கொஞ்ச நேரத்தில் தவுக்கே வேலிக்கு மேல் தலையை நீட்டி, "சுடா ஜாலான்" என்றார். மகளை ஏற்றிக்கொண்டு மைத்துனரின் லோரி புறப்பட்டுவிட்டது. ஆனால் வழி நெடுக, காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று பட்டாளம் வண்டிகளை நிறுத்திச் சோதனை போடுகிறது. எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மகள் வந்து அப்பா முகத்தைப் பார்க்கும்வரை உடலை எடுக்கவிடக் கூடாது. 'அவளுக்காக நிறுத்துங்கள்' என்றால் நிறுத்த மாட்டார்கள். 'பேசுங்கள்' என்றால் நிறுத்துவார்கள்.

தலைவர் முடித்ததும் தியாகு பேச ஆரம்பித்தார். 'அணுத்துகளும் ஆண்டான் அடிமையும்' என்ற மாபெரும் ஆராய்ச்சியைத் தாம் கரைத்துக் குடித்திருப்பதாகச் சொன்னார். கையெழுத்துப் பிரதியை அவர் தூக்கிப் பார்த்ததுகூடக் கிடையாது. அந்த ஆராய்ச்சி முழுவதையும் கேட்ட ஒரே ஆள், பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டவள், தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

பழைய தமிழ்நாட்டில் சாதிகளை வலங்கை, இடங்கை என்று பிரித்து, எந்தத் தெருவில் யார் குடைபிடித்துப் போகலாம் என்று அடித்துக்கொண்ட வரலாற்றில்தான் வாத்தியார் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பிறகு அணுவுக்குள் போனார். அங்கேயிருக்கும் துகள்களுக்கு வலது இடது தெரியாது. கண்ணாடியில் தெரிகிற உலகமும் இயற்கைக்குச் சம்மதமான உலகமே என்றார். இயற்கையே பேதம் பார்க்காதபோது மனிதன் பார்ப்பது இயற்கைக்கே விரோதம். இதை விளக்க அவர் சவரக் கண்ணாடியைச் சங்கத்துக்கு எடுத்துப் போவார். உறுப்பினர்கள் அதில் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து சேதி வந்தது. கடுங்குளிரில் வைத்த கோபால்ட் அணுக்கள் எலெக்ட்ரான்களை ஒரு பக்கமாகவே கூடுதலாகத் துப்புகின்றனவாம். அப்படியென்றால் துகள்களுக்கும் வலது இடது தெரியும். இப்படி இருக்கலாம் என்று முன்பே எழுதிய இரண்டு சீனர்களுக்குப் பெரிய பரிசு கிடைத்தபோது, தவுக்கே சீனப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். வாத்தியார் எழுந்து நின்று, பரிசு தவுக்கேக்கே கிடைத்ததுபோல அவர் கையைக் குலுக்கினார். அதன் பிறகு எழுதவில்லை.

தியாகு முடித்தார். சந்திரமதி மளிகைக்கடைக்காரரைப் பேசச் சொன்னாள். பிறகு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியரை. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பாடை கட்டும் மருதமுத்துவைத் தலைவர் அதட்டினார். மருதமுத்து அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "மூங்கி சரியில்லீங்க" என்று சொல்லி, கட்டி முடித்த பாடையை அவிழ்த்து மறுபடி கட்டினார். ஆனாலும் ஒரு பாடையை எத்தனை தடவைதான் கட்ட முடியும்?

"வேறு யாராவது?" என்று தலைவர் கேட்டார். ஒருவரும் இல்லை.

"நான் பேசுறேன்" என்றாள் சந்திரமதி.

அவள் கிட்டே போனதும் ஒலிபெருக்கி ஊளையிட்டது. கூட்டம் நிமிர்ந்தது. எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் ரம்புத்தான் மரத்தைப் பார்த்தாள். மரத்துக்கு அப்பால் தெரு வெறுமையாக இருந்தது.

"எனக்குப் பேச வராது. தவுக்கே பேப்பரு கொண்டாந்த அன்னிக்கி இவரு சாப்பிடல. இயற்கையே ஓரவஞ்சனை பண்ணுது சந்திரா, நாமளாச்சும் பண்ணாம இருந்திருக்கலாம்னாரு. அப்பறம், சிகாமட்டுக்கு பஸ்ஸு எப்பன்னு கேட்டாரு. காலையில இருக்கு, மூவார்ல மாறணும்னேன். சரின்னாரு."

நிறுத்தினாள்.

"போகல."

மேலே என்ன சொல்வது என்று தேடினாள். தெரு அப்படியே இருந்தது. உள்ளதையெல்லாம் சொல்லி முடித்தும் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை.

தலைவர் ஒலிவாங்கியை மெதுவாக வாங்கிக்கொண்டார். சிகாமட்டிலும் சங்கத்துக்குக் கிளை தொடங்க வேண்டும் என்பது அறிஞரின் கடைசி ஆசை என்பதை அம்மையார் உருக்கமாக எடுத்துரைத்ததாகச் சொன்னார். சிலர் கைதட்டப் போய், இடத்தை நினைத்து நிறுத்திக்கொண்டார்கள். தம்பின் என்ற ஊரிலிருந்து வந்திருந்த, வாத்தியாரின் தம்பி மகன் கொள்ளிச்சட்டியைத் தூக்கினான். மழைக்கு முந்திவிட வேண்டுமென்று எல்லாம் வேகமாக நடந்தது. பாடைக்குப் பின்னால் மரத்திலிருந்து இறக்கிய ஒலிபெருக்கியும் ஒரு வேனில் போயிற்று.

பெண்கள் வாசல்வரை போய் அழுதுவிட்டுக் குளிக்கப் போனார்கள். சந்திரமதி வீட்டைக் கழுவினாள். கழுவிய தண்ணீரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது லோரி வந்து நின்றது.

கமலவேணி இறங்கினாள். வாசலில் கிடந்த உதிரிப்பூவையும் ஈரத்தையும் பார்த்தாள். கேட்க வேண்டியது எதுவும் இல்லை. உள்ளே வந்து, உடல் கிடத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், சரியாக அந்த இடத்தில் படாமல் உட்கார்ந்தாள்.

தேவதாஸ் சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றான். மாமனாருக்குப் போடவேண்டிய கோடி வேட்டி பழுப்புக் காகிதத்தில் கட்டியபடி கையில் இருந்தது. உரியவரிடம் சேர்க்கவேண்டிய பதிவுத் தபாலைப்போல அதைப் பதவிசாகப் பிடித்திருந்தான்.

சந்திரமதி துடைப்பத்தோடு அவனிடம் போனாள்.

"மாப்பிள்ளை, நீங்க லோரியிலயே சுடுகாட்டுக்குப் போயிடுங்க. மொகத்தை மூடியிருக்க மாட்டாங்க."

இந்த வீட்டில் யாரும் தன்னை அந்தச் சொல்லால் அழைத்து அவன் கேட்டதில்லை.

"என்னை உள்ள விடுவாங்களா அத்தே?"

"பேசிக்கிட்டிருப்பாங்க. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. மருதமுத்துன்னு கேளுங்க, அவரு விடுவாரு. ரெண்டு பேருக்கும் சேத்து நீங்களே பாத்துட்டு வாங்க."

லோரி திரும்பிப் போயிற்று.

அவள் வந்து மகளுக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். மழை வரவில்லை, காற்று மட்டும் திசை மாறியது. மாறியதும், தோப்புகளுக்கு அப்பாலிருந்து ஒலிபெருக்கியின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"யாரும்மா அது?"

"தலைவரு."

"இன்னும் முடிக்கலியா?"

சந்திரமதி காதைக் கொடுத்தாள். குரல் நின்றுவிட்டது. லோரி அதற்குள் சுடுகாட்டு முனையைத் தாண்டியிருக்காது. இருவரும் அசையவில்லை. எங்கோ ஒரு சேவல் நேரம் தவறிக் கூவிற்று. பிறகு ஒலிபெருக்கி இருமியது, தொண்டையைச் செருமியது.

"இறுதியாக..." என்றது.

கமலவேணி பதறி எழப்போனாள். தாய் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இது மொதல்தான்" என்றாள்.

ஈரம் காயாத தரையில் இருவரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, கேட்டுக்கொண்டிருந்தார்கள்.