இரண்டு கிளிக்

பட்டறையில் எல்லாரும் அவளைச் 'சின்ன மேஸ்திரி' என்றே அழைத்தனர். எந்தத் திருகை இறுக்கினாலும் மறுபடி ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்த பின்னரே எழுவாள். கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் பேசாள். அன்று காலை அவள் ஈரத்துணியும் சோப்புமாக அமர்ந்து, பெரிய மேஸ்திரியாகிய தன் தந்தையின் நகக்கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விடியற்பொழுதில் அவர் உயிர் பிரிந்திருந்தது. நாற்பதாண்டுக் கிரீஸ் எளிதில் போவதாயில்லை.

"விடுக்கா. அந்தக் கறையும் போயிட்டா மேலோகத்துல யாருக்கும் அப்பாவ அடையாளம் தெரியாது," என்றான் தம்பி. சிரிக்க முயன்றான், முகம் கோணிக்கொண்டது.

அவனும் அவள் கணவனும் ஒரே அணியில், ஒரே வகைப் பந்தய மோட்டார் சைக்கிளை ஓட்டுபவர்கள். இருவரையும் எடைபோட்டுப் பேசுவது பட்டறைக்கு வருவோர்க்கெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. கணவன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒரு குறையோடு இறங்குவான். கைப்பிடி அகலம் என்பான். வளைவில் பின்சக்கரம் உதைக்கிறது என்பான். தம்பியோ ஹெல்மெட்டைக் கழற்றி, "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவான்.

முற்பகலில் அணியின் முதலாளி வந்தார். சற்று நேரம் கைகட்டி நின்றார். பின்னர் நாற்காலியில் அமர்ந்தார்.

"பன்னெண்டு நாள்ல பந்தயம். தடமும் புதுசு. மேஸ்திரி இல்லாம எப்படிப் போறது?"

"நான் போறேங்க. அப்பாவுக்காக இந்த ஒண்ண ஜெயிச்சே ஆகணும்," என்றான் தம்பி.

"உனக்கென்னப்பா, எதைக் குடுத்தாலும் ஓட்டுவ. இவர நெனச்சாத்தான் கவலை." முதலாளியின் கண் கணவன்மேல் சென்றது.

"கேட்டீங்களா அத்தான்? சீட்டு அரை விரல் ஒசந்தாக்கூட உங்களுக்குச் சோறு எறங்காது."

"வண்டி உன்னத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டாலும், அங்கேருந்து நல்லாத்தான் இருக்குன்னு கத்துவியே மச்சான்!"

அவ்வீட்டில் அன்று எழுந்த முதற் சிரிப்பு அது. அவள் சிரித்திலள். எழுந்து பின்கட்டுப் பட்டறைக்குச் சென்றாள்.

தம்பி தேநீருக்குப் போனபின் நடப்பது அவளுக்குத் தெரியும். தந்தை அவன் வண்டியின் முன்சக்கர டயரை உள்ளங்கையால் தடவுவார். ரப்பர் எங்கே சுருண்டிருக்கிறது, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். "ரொம்ப லேட்டா பிரேக் புடிக்கிறான், முன்னால அமுங்குது," என்று முணுமுணுத்துக்கொண்டே முன்சக்கர அதிர்வுதாங்கியின் திருகை இரண்டு படி இறுக்குவார். ஒவ்வொரு படிக்கும் 'கிளிக்' என்று ஓர் ஒலி எழும். ஒவ்வொரு தடத்துக்கும், வெயிலுக்கும், ஈரத்துக்கும் அப்படி மாற்றுவார். கைநடுக்கம் வந்தபின் அவர் சொல்ல அவள் திருகினாள். ஆனால் டயரைப் பார்த்துப் பொருள் கொள்ளும் கண் அவளுக்கு வாய்க்கவில்லை. தம்பி எந்த வண்டிக்கும் தன்னைப் பழக்கிக்கொண்டவன் அல்லன். வண்டியே ஒவ்வொரு நாளும் அவனுக்குப் பழக்கப்பட்டு வந்தது.

"அவன்கிட்ட சொல்லிடாதம்மா. தைரியம் போனா அவன் ஓட்டம் போச்சு," என்று சென்ற வாரந்தான் தந்தை அவள் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்.

கணவன் வாயிலில் வந்து நின்றான். "அவன் வண்டிய நெனச்சு பயப்படுற, இல்ல?"

அவள் திரும்பினாள்.

"எனக்கு ஆறு வருஷமாத் தெரியும். பக்கத்து வண்டிகிட்டத்தான நிக்கிறேன், சத்தம் கேக்காதா?"

"தெரிஞ்சுமா இத்தன பேச்சும் கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

"அவர் பிள்ளைக்கு அவர் செஞ்சாரு. நடுவுல நான் யாரு?" என்றான். பிறகு தாழ்ந்த குரலில், "முதல் வளைவுல எப்பவும்போல லேட்டாத்தான் பிரேக் புடிப்பான். இந்தத் தடவ வண்டி தாங்காது," என்றான்.

தந்தையை அடக்கம் செய்துவிட்டு அவர்கள் திரும்பியபோது மணி நான்கு. காலணியில் ஈரமண்ணோடு தம்பி நேரே பட்டறைக்கு வந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, நாளைக்கே ஓட்டிப் பாக்கணும். நீ ஒண்ணும் பண்ண வேணாம், பெட்ரோல் மட்டும் ஊத்தி வை. எனக்கு எப்படி இருந்தாலும் சரி."

பிறந்த நாள்தொட்டுத் தந்தையின் சொல்லை அவள் தட்டியதில்லை. வெளியே யாரோ நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கதவச் சாத்திட்டு வந்து உக்காரு," என்றாள். "அப்பா உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்ன ஒரு விஷயம் இருக்கு. நான் சொல்லப்போறேன்."