ஆள் நடமாட்டம்

அந்தக் கேமராவை மாட்டிய நாளிலிருந்து அது கலைமகளின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. முருங்கைக்கிளை ஆடினால் போதும், போன் அலறும். 'ஆள் நடமாட்டம்' என்று எழுத்து வரும். பதறியடித்துத் திறந்து பார்த்தால் ஆளுமில்லை, ஒரு மண்ணுமில்லை. தெருநாய் வாசலில் நின்று உடம்பை உதறினாலும் ஆள் நடமாட்டம்தான். சாரல் கொஞ்சம் சாய்ந்து அடித்தாலும் ஆள் நடமாட்டம்தான். பள்ளிக்கூடத்தில் அவள் பாடம் நடத்தும்போது அது அலற, "டீச்சர், முருங்கமரம் கூப்புடுது" என்று பிள்ளைகளே சிரிக்கிற அளவுக்கு மானம் போய்விட்டது.

கத்தித் தொலையட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. அப்பா கோவிந்தராசுவுக்காகத்தானே அதை மாட்டியதே! கொஞ்ச காலமாக அவருக்கு ஞாபகம் பிசகிக்கொண்டு வந்தது. சாப்பிட்டதை மறப்பார், பேத்தி பெயரை மறப்பார். வயலை மட்டும் மறக்கமாட்டார். நிலத்தை வீரையனிடம் குத்தகைக்கு விட்டு எவ்வளவோ காலமாயிற்று. ஆனாலும் மழை பிடித்துக்கொண்டால், பயிர் முழுகுகிறது, தண்ணீரை வடிய வைக்க வேண்டும் என்று கிளம்பிவிடுவார். போன தடவை அப்படிப் போய் வடிகாலில் சறுக்கி விழுந்து, தண்ணீர் குடித்து, வீரையன் கண்ணில் பட்டதால் பிழைத்தார். இன்னொரு முறை விழுந்தால் அந்த உடம்பு தாங்காது. அவர் வாசலைத் தாண்டினால் போன் ஒலிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

கதவைப் பூட்டலாமே என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். ஒருநாள் பூட்டியும் பார்த்தாள். "என்னைய ஏம்மா அடச்சு வச்சிருக்க?" என்று கேட்டார் அப்பா. அதற்குப் பிறகு அவளால் பூட்ட முடியவில்லை. சிங்கப்பூரிலிருந்து தம்பி குணசேகரன் பணம் அனுப்பி, கேமரா வந்தது அப்படித்தான்.

ஐப்பசி அடைமழையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். இன்றைக்கு இந்தச் சனியனை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று கூடத்தில் உட்கார்ந்து தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

"எனக்கும்தான்க்கா இங்க வந்துக்கிட்டே இருக்கு. ஆபீஸ்ல உக்கார முடியல. சென்சிட்டிவிட்டியக் கொற."

"கொறச்சாச்சுடா. கொறச்சா நானே குறுக்க நடந்தாலும் கம்முனு கெடக்குது. ஏத்துனா கொசு பறந்தாக்கூட கத்துது. நல்ல சாமான் வாங்கிக் குடுத்தடா நீ!"

"கோவப்படாதக்கா. செட்டிங்ஸ்ல 'மனிதர்கள் மட்டும்'னு ஒண்ணு இருக்கும் பாரு. ஆளு உருவம் தெரிஞ்சாதான் கத்தும்."

அதைக் கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பாஸ்வேர்டு கேட்டது. போட்டால் தப்பு என்றது. சரியாகப் போட்டால் அப்டேட் செய்யச் சொன்னது. அப்டேட் முடிந்ததும் மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. போனைத் தூக்கி வாய்க்காலில் எறிந்துவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

ஒருவழியாக அது ஆன் ஆனதும், நனைந்துகொண்டே வாசல்வரை நடந்து பார்த்தாள். போன் ஒலித்தது. நாய் ஓடியது, சத்தமில்லை. முருங்கை பேயாட்டம் ஆடியது, அப்போதும் சத்தமில்லை.

"அப்பாடா! இப்பதான்டா புத்தி வந்துருக்கு இதுக்கு" என்றாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுக்கா. வாசல் கேட்டச் சுத்தி மட்டும் ஒரு கட்டம் போட்டுரு. ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் கத்தாது."

கேமரா வாசலைப் படம் பிடித்து அசையாமல் காட்டியது. அந்தப் படத்தின்மேல் விரலால் கோடு இழுக்க வேண்டும். ஈரவிரலுக்குக் கோடு வழுக்கிக்கொண்டு போயிற்று. கேட்டில் ஆரம்பித்தால் முருங்கையில் போய் முடிந்தது. அழித்தாள், போட்டாள், மறுபடி அழித்தாள். தம்பி அந்தப் பக்கம் "இடதுபக்கம்க்கா, இன்னும் இடதுபக்கம்" என்று உயிரை எடுத்தான். கடைசியில் கட்டம் அமைந்தது. தம்பி போனை வைத்துவிட்டான். அப்பாவுக்கு டீ போட்டு எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

கட்டில் காலியாக இருந்தது.

கொல்லையில் இல்லை. பாத்ரூமில் இல்லை. போனைப் பார்த்தாள், அவள் நடந்து பார்த்ததற்கு வந்த அறிவிப்புக்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். வரப்பெல்லாம் சேறு. நடவு வயல்கள் ஒரே வெள்ளக்காடாக, எது வயல் எது வாய்க்கால் என்று தெரியவில்லை. "அப்பா! அப்பா!" என்று கத்திய சத்தம் மழையில் அவளுக்கே கேட்கவில்லை.

வடிகாலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடைத்துக்கொண்டிருந்த ஆகாயத்தாமரையைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார் கோவிந்தராசு. கால் நிலைகொள்ளாமல் ஆடியது. எதிர்க்கரையிலிருந்து வீரையன் ஓடிவந்து குதித்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

"நல்லவேளைக்கு வந்தீங்க டீச்சர். இன்னும் ஒரு அடி எடுத்து வச்சிருந்தா மதகு உள்ள இழுத்துருக்கும்" என்றார் வீரையன்.

வீட்டுக்குக் கூட்டிவந்து அப்பாவின் தலையைத் துவட்டும்போதுதான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகத் தெரியாதா உங்களுக்கு? செத்துப்போயிருப்பீங்கப்பா!"

"சொல்லிட்டுத்தானேம்மா போனேன்."

"யாருகிட்ட சொன்னீங்க? சும்மா பொய் சொல்லாதீங்க!"

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சொன்ன மாதிரி இருந்துச்சு..." என்று இழுத்து, பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லல போலருக்கு. இப்பல்லாம் எனக்கு ஒண்ணும் நிக்க மாட்டேங்குது, கலை."

அந்தக் கேமரா ஏன் கத்தவில்லை? அவரிடம் காட்ட முடியாத மிச்சக் கோபத்தை அதனிடம் காட்டப் போனை எடுத்தாள். அறிவிப்பு வந்தாலும் வராவிட்டாலும், வாசலில் நடப்பது முழுக்கப் பேச்சோடு பதிவாகும். பின்னால் தள்ளிப் பார்த்தாள்.

வாசலில் ஒரு சாக்கு நகர்ந்துபோனது. யூரியா சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகி, கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முதுகு வளைந்து போனார் அப்பா. தலையும் தெரியவில்லை, தோளும் தெரியவில்லை. டெல்டாவில் மழைக்கு வயலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் போவார்கள். அந்த மெஷினுக்கு அது மனிதனாகத் தெரியவில்லை. நனைந்து நனைந்து நடந்து பார்த்தாளே, சாக்கைப் போட்டுக்கொண்டு நடக்கத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

சத்தத்தைக் கூட்டினாள். சாக்கு கேட் அருகே நின்று, வீட்டுப்பக்கம் திரும்பியது.

"கலை, பயிரு முழுகுதும்மா. வடிய வச்சிட்டு வந்துர்றேன்."

மழைச் சத்தம். பிறகு வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய குரலே கேட்டது: "சரிப்பா, போயிட்டு வாங்க. டேய், இடதுபக்கமா? இதுக்கு மேல எங்கடா இடதுபக்கம்?"

கலைமகள் கையில் துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா குனிந்த தலையை நிமிர்த்தினார். போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"பாத்தியா, சொல்லிருக்கேன்ல" என்றார். "நான்கூட மறந்துட்டேனோன்னு பயந்தே போயிட்டேம்மா."