கழுத்தடியில் ஒரு சிவப்புக் கறை

நாலு மணிக்குச் சுப்பிரமணியன் வந்து புத்தர் தலையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இன்னும் பத்து நிமிடம்தான். சாம்பவி தன் வகுப்புக் கொப்பியை மறுபடியும் விரித்தாள்.

டோர்செட் பார்க்கில் ஜெயரட்ணத்தின் பழம்பொருள் கடையில் அவளுக்கு வேலை. வியாழன் மாலைகளில் தொல்லியல் வகுப்பு. இந்தத் தவணைக்குப் பாடம், காந்தாரத்து வணிகப் பாதைகளும் அவற்றின் ஓரத்து விகாரைகளும். தொடுமுன் வரைய வேண்டும் என்பது அங்கே முதல் விதி. ஆகவே, பெஷாவரிலிருந்து வந்த அந்தச் சுதைத் தலையை அவர் துடைக்கச் சொன்னபோது, முதலில் அளந்து வரைந்தாள். கழுத்தடியில் யாரோ சுரண்டிவிட்டிருந்த சிவப்புக் கறையைக்கூட, மங்கல் கோடுகளோடு இருந்தபடியே வரைந்தாள். பிறகு நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, கறையை முழுதாகத் துடைத்தெடுத்தாள்.

நேற்று வகுப்பில் ஆசிரியை படம் போட்டுக் காட்டினார். நூதனசாலைகளில், அதாவது அருங்காட்சியகங்களில், பொருளின் அடியில் அப்படித்தான் சிவப்பு மையால் இலக்கம் எழுதி வார்னிஷ் பூசுவார்களாம். போரில் சூறையாடப்பட்ட ஒரு நூதனசாலையின் பட்டியலையும் கொடுத்தார். கொப்பியில் அவள் கறையென்று வரைந்திருந்தது 218 என்ற இலக்கம். கடைசி இலக்கம் எட்டா, மூன்றா? அவளே பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள். பட்டியலில் 213 ஒரு விளக்கு. 218 சுதைத் தலை, இடது காது உடைந்தது. மேசையிலிருந்த தலைக்கும் இடது காது உடைந்துதான் இருந்தது.

"அங்கிள், இதை விக்க வேண்டாம். களவுச் சாமான். அடியில நூதனசாலை நம்பர் இருந்தது."

ஜெயரட்ணம் தலையைக் கவிழ்த்துப் பார்த்தார். "எங்கை?"

"நான் துடைச்சிட்டன்."

"நல்லாயிருக்கு. துடைச்சது நீர், கள்ளன் நானோ?" அவர் குரலை உயர்த்தவில்லை. "வேலை வேணுமெண்டால் பேசாமல் நில்லும்."

கதவு மணி அடித்தது. சுப்பிரமணியன் சப்பாத்துப் பனியை உதறிவிட்டு நேராக வந்து, தலையை இரு கைகளாலும் எடுத்தார்.

"என்ன சாந்தம் பாருங்க. பிக்கரிங்ல இருக்கிற நம்ம வீட்டு ஹால்ல இதுக்குன்னே இடம் ஒதுக்கிட்டேன்."

"சேர், இது ஒரு நூதனசாலையில களவு போனது." சாம்பவி கொப்பியையும் பட்டியலையும் நீட்டினாள். "இதிலை நம்பர் இருந்தது. அழுக்கெண்டு நினைச்சு நான்தான் அழிச்சன்."

"நிச்சயமா தெரியுமாம்மா?"

கேள்விக்குறி அவள் பெருவிரலுக்கு அடியில் இருந்தது. விரலை விலக்கினாள்.

"கடைசி இலக்கத்திலை சந்தேகம் இருந்தது. அதையும் எழுதியிருக்கிறன். நீங்கள் காதைப் பாருங்கோ."

அவர் பட்டியலைப் படித்தார். இடது காதைத் தடவிப் பார்த்தார். தலையை மெல்ல மேசையில் வைத்துவிட்டுக் கைகளைக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

"எங்கேயிருந்து வந்ததுன்னு பேப்பர் இருந்தா அப்புறம் பேசலாம், ஜெயரட்ணம் சார்."

கதவு சாத்திக்கொண்டது. ஜெயரட்ணம் தலையைப் பெட்டிக்குள் வைத்து டேப்பை இழுத்தார்.

"நாளைக்கு வரவேண்டாம்."

சாம்பவி ஏற்கெனவே போனை எடுத்திருந்தாள்.

"வையும் அதை."

மறுமுனையில் ஆசிரியையின் குரல் கேட்டது. சாம்பவி கொப்பியைப் பார்க்கவில்லை. இலக்கத்தைச் சொன்னாள், உடைந்த காதைச் சொன்னாள், கடையின் விலாசத்தையும் சொன்னாள்.

டேப் இழுக்கும் சத்தம் நின்றது.