அண்ணி கெட்டித்த துப்பாக்கி

பன்றி விரட்டத் தெரியாதவளுக்கு வயல் எதற்கு என்பது கொழுந்தனின் வாதம். அண்ணன் செத்து வருடம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். மாமனாரும் அரை மனதாகத் தலையாட்டிவிட்டார். மருமகள் தன் கையால் ஒரு வெடி வெடித்துக் காட்டினால் வயல் அவளுக்கு, இல்லாவிட்டால் சின்னவனுக்கு.

காலையில் வீட்டுப் பின்புறம், மாமனார் பார்த்திருக்க, கொழுந்தன் அண்ணனின் துப்பாக்கியை நீட்டினான். காவலுக்கென்று போன வாரம் அவளிடம் இரவல் வாங்கிப் போனது, இப்போதுதான் திரும்பி வருகிறது.

"மருந்து கெட்டிச்சு ரெடியா வெச்சிருக்கேன் அண்ணி. நீங்க விசையை இழுத்தா போதும். பயப்படாதீங்க."

"பயம் இருக்கு தம்பி. அதான் பாத்துட்டு சுடறேன்."

முதலில் சுத்தியலுக்கு அடியில் இருந்த வெடிக் கேப்பைக் கழற்றினாள். பிறகு நீளக் கம்பியைக் குழலுக்குள் விட்டாள். கணவன் இருந்தவரை கழுவியதும் மருந்து கெட்டித்ததும் அவள்தான். சுட்டதும் பேர் வாங்கியதும் அவன். குழல் காலியென்றால் கம்பி வாயோடு வாயாக நிற்கும். கெட்டித்திருந்தால் நாலு விரல் வெளியே நிற்கும். இன்று எட்டு விரல் நின்றது.

அவளுக்குக் கோபம் வந்தது.

"எத்தனை தடவை கெட்டிச்சீங்க?"

கொழுந்தன் திருதிருவென்று விழித்தான். "அன்னிக்குப் பன்னி வந்தப்ப கேப்பு மட்டும் பட்டுன்னுச்சு. சுட்டுச்சா இல்லையான்னு புரியல. இன்னிக்கு மறுபடி கெட்டிச்சேன்."

"பன்னியைச் சுட்டேன்னு ஊரெல்லாம் அளந்தியேடா!" மாமனார் பதறிப்போனார். "ரெட்டை மருந்துல குழல் வெடிச்சு அவ மூஞ்சியே போயிருக்கும். விடும்மா, போதும். வயலை நீயே வெச்சுக்க. சுட வேண்டாம்."

"சுடுவேன் மாமா. சுடலேன்னா அது நீங்க பாவம் பாத்துக் குடுத்த வயலாயிடும்."

குழலில் தண்ணீர் ஊற்றி மருந்தை ஊறவைத்தாள். கம்பி நுனியில் திருகாணியை மாட்டி, அடைத்திருந்த துணி, ஈய ரவை, மருந்துச் சேறு எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டாள். வெந்நீர் விட்டுத் தண்ணீர் தெளியும்வரை கழுவினாள். உள்ளே விட்ட துணி காய்ந்து வரும்வரை துடைத்தாள். வெறும் கேப்பை வெடித்து, நெருப்புப் போகும் வழி சுத்தமா என்று பார்த்தாள். ஆண்கள் இருவரும் வெயிலில் காத்து நின்றார்கள். நிற்கட்டும், என்ன கெட்டுப்போயிற்று?

மருந்து, துணி, ரவை, மறுபடி துணி என்று போட்டுக் கம்பியால் இறுக்கினாள். கடைசியாகத்தான் புதுக் கேப்பு.

வேலிக் கம்பத்தில் கவிழ்த்திருந்த தகர டப்பா சல்லடையாகிப் பறந்தது. தோள் விண்ணென்று வலித்தது, அவள் காட்டிக்கொள்ளவில்லை.

"எனக்கும் சொல்லித் தாங்களேன் அண்ணி" என்று இழுத்தான் கொழுந்தன்.

"வீட்டுக்கு வாங்க தம்பி, சொல்லித் தர்றேன். வயல் பக்கம் மட்டும் வராதீங்க."