குடைக்காரியின் சிரிப்பு

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து வெளியூர் கிளம்பியது இதுதான் முதல் தடவை. வெளியூர் என்றால் என்ன பெரிய வெளியூர்? பெருநகரத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஒரு கடற்கரை, ஒரு டீக்கடை, நாலைந்து மர பெஞ்சு. கூட்டம் கிடையாது, இரைச்சல் கிடையாது. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப வேண்டியது. அதற்கே சுருக்கு மூன்று மாதம் மன்றாட வேண்டியிருந்தது.

சுருக்கு என்பது அவள் தபால் பிரிக்கும் வேலை பார்க்கிற இடத்தில் வைத்த பட்டப்பெயர். கோபம் சுருக்கென்று வரும், வந்த வேகத்தில் போய்த் தொலையாது. அவள் புருஷன் பல்செட்காரர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து, ஒரு நம்பர் ஒட்டி அனுப்புவார்கள். இவர் மெழுகில் ஒவ்வொரு பல்லாக ஊன்றி, செட் கட்டித் திருப்பி அனுப்புவார். காலையில் குனிந்தால் பொழுது சாய்ந்துதான் நிமிர்வார். வீட்டுக்கு வந்தால் தட்டைப் பார்ப்பார், செய்தித்தாளைப் பார்ப்பார், பெண்டாட்டியை மட்டும் பார்க்க மாட்டார். புதுசு உடுத்தினாலும் தெரியாது, முடியை வெட்டிக்கொண்டாலும் தெரியாது. இந்த ஒரு நாளாவது மனுஷன் தன்னை நிமிர்ந்து பார்க்கட்டும் என்றுதான் அவள் ஒற்றைக்காலில் நின்று இந்தப் பயணத்துக்குச் சம்மதம் வாங்கினாள்.

மனுஷன் நிமிர்ந்து பார்க்கத்தான் செய்தார். ஆனால் அவளை அல்ல.

பஸ்ஸில் அந்தப் பக்கத்து சீட்டில் மஞ்சள் குடையும் கையுமாக ஒருத்தி, தன் தங்கையோடு உட்கார்ந்திருந்தாள். வயது ஐம்பதை நெருங்கும். தங்கை ஏதோ சொன்னாள், குடைக்காரி சிரித்தாள். அவ்வளவுதான். பல்செட்காரரின் தலை அந்தப் பக்கம் திரும்பியது, திரும்பினது திரும்பினபடியே நின்றுவிட்டது.

“என்னங்க, கடல் தெரிய ஆரம்பிச்சிடுச்சு.”

“ம், பாத்தேன்,” என்றார், குடைக்காரியைப் பார்த்துக்கொண்டே.

சுருக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்தவள் சின்னப்பெண்ணாக இருந்தாலாவது ஆம்பிளை புத்தி என்று நாலு திட்டுத் திட்டி ஆறியிருக்கலாம். இவள் தன்னைவிடப் பத்து வயது மூத்தவள். கண்ணுக்குக் கீழே சுருக்கம், காதோரம் நரை. இவளிடம் அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது? தன்னிடம் எது குறைந்து போச்சு?

கரையில் இறங்கியதும் அவள் வேண்டுமென்றே கடைசி பெஞ்சுக்கு நடந்தாள். இவர் பாதி வழியிலேயே ஒன்றில் உட்கார்ந்துவிட்டார், “இங்கயே நல்லாக் காத்து வருது” என்று. எதிரே பத்தடியில் குடைக்காரி. காத்தாம் காத்து! சுருக்கு வாங்கி வந்த டீ அவர் கையிலேயே ஆறி ஆடை கட்டியது. அவளும் விடாமல் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். குடைக்காரி பேசும்போது அவர் பார்ப்பதில்லை. சிரிக்கும்போது மட்டும் பார்க்கிறார். அது இன்னும் எரிந்தது.

“அவங்க சிரிக்கறதப் பாத்தியா?” என்றார் கடைசியில், வெட்கமே இல்லாமல்.

“நான் எதுக்குப் பாக்கணும்? அதான் நீங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் பாக்கறீங்களே. வேணும்னா அங்க போயி உக்காந்துக்குங்க. நான் அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வீட்டுக்குப் போறேன்.”

அவர் பதறிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். “மெதுவாப் பேசு. அது நான் கட்டின செட்டு.”

“முகத்தைப் பாத்துதான் நீங்க பல்லு கட்டறீங்களாக்கும்?”

“முகம் தெரியாது. பல்லு தெரியும். பஸ்ஸுல வெச்சு அதை எப்படிச் சொல்றது? அவங்க காதுல விழுந்தா மனசு என்ன பாடுபடும்?”

சுருக்குக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. தபால் பிரிக்கிறவளுக்கு எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு. அந்த நேரம் பார்த்துக் காற்று குடையைப் பிடுங்கியது. சுருக்கு ஓடிப்போய்ப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“நல்லவேளை, இல்லாட்டி இந்நேரம் கப்பல் ஏறியிருக்கும்,” என்று குடைக்காரி வாய்விட்டுச் சிரித்தாள்.

மேல் வரிசையில் இடது முன்பல், பக்கத்துப் பல்லின் மேல் ஒரு நூல் அளவு ஏறி நின்றது. சுருக்கு இருபது வருஷம் கண்ணாடியில் பார்த்த பல் அது. கல்யாணமான புதிதில் நாத்தனார், “பல்லு ஏன் சண்டைக்கு நிக்குது?” என்று நாலு பேர் முன்னால் கேட்டதற்காக, டாக்டரிடம் போய் அந்தப் பல்லை ராவிவிட்டு, அதன் மேல் நேராக ஒரு உறை, கேப் என்பார்கள், போட்டுக்கொண்டாள். அந்தக் கேப்பைச் செய்து கொடுத்ததும் இதே மனுஷன்தான்.

பெஞ்சுக்குத் திரும்பி வந்து நின்றாள். “அது என் பல்லு.”

அவர் மணலைப் பார்த்தார். “கை தானா அப்படித்தான் வைக்குது. நேரா வெச்சா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சுடும். அப்படி வெச்சா சொந்தப் பல்லு மாதிரி இருக்காம், டாக்டருங்களே சொல்றாங்க.”

“எத்தனை பேருக்கு வெச்சீங்க?”

“எண்ணினதில்ல. பொம்பளைங்க செட்டு எல்லாத்துக்கும்தான். கட்டி அனுப்பறதோட சரி, யாரும் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. இன்னிக்குத்தான் பாத்தேன்.”

அதுவரை ஒருத்தி மேல்தான் பொறாமை. இப்போது ஊரில் பாதிப் பேர் மேல் வந்தது. முன்னே பின்னே தெரியாத பொம்பளைகள் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் அவள் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு திரிகிறார்கள். அவள் மட்டும் கேப்போடு நிற்கிறாள்.

“அவ்வளவு புடிச்சிருந்தா அன்னிக்கே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ ஆசைப்பட்டே.”

“நான் எங்க ஆசைப்பட்டேன்? உங்க அக்கா சொன்னாங்க, நீங்க வாயத் திறக்கல. உங்களுக்கும் புடிக்கலன்னு நெனச்சேன்.”

அவர் மணலிலிருந்து கண்ணை எடுக்காமல், “டாக்டர்கிட்ட சொல்லி, பழைய மாதிரியே ஒண்ணு செஞ்சு தரட்டுமா?” என்றார்.

“வேணாம். அப்புறம் நான்தான் அவங்களைப் பாத்துப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கும்.”

“அப்ப என்னதான் வேணும் உனக்கு?”

“பாருங்க.”

“எதை?”

“என்னை.”

அவர் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார். தொழில் பழக்கம், பார்வை நேரே வாய்க்குப் போய் நின்றது.

“மேல,” என்றாள்.

அவர் மெல்லக் கண்ணை உயர்த்தினார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

“எப்பலேருந்து கண்ணாடி போடறே?”

“நாலு வருஷமா,” என்றாள் சுருக்கு.