இன்வெர்ட்டர் கடைக்காரரின் ஜெபம்

முடிச்சூரில் கரண்ட் போனால் ஸ்தோத்திரம் சொல்லும் ஒரே ஆள் ஏசுதாசன். இன்வெர்ட்டர் கடை வைத்திருப்பவர் வேறென்ன சொல்வார்? வீட்டு இன்வெர்ட்டரையும் விற்றுவிட்டவர் அவர். அவர் மகள் ஜென்சியைப் பெண் பார்க்க வந்த எபியோ, சென்னையில் மின்வெட்டே இல்லாமல் செய்ய வடக்கே எழும்பும் பெரிய அனல்மின் நிலையத்தில் இன்ஜினியர். போட்டோவிலேயே ஜென்சிக்குப் பையனைப் பிடித்துவிட்டது. இந்த இடம் தட்டிப்போனால் இனி எவனுக்கும் காபி கொண்டுவர மாட்டேன் என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள்.

மின்வெட்டு நின்றால் கடையில் சரக்கு தேங்குமே என்று ஏசுதாசன் கணக்குப் போட்டார். ஆனாலும் சரக்கைவிடச் சம்பந்தம் பெரிது என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்.

நாவலூரிலிருந்து மகனோடு வந்த ரத்தினபாய் உட்கார்ந்ததும், "அண்ணா, நல்ல காரியம். நீங்களே ஒரு ஜெபம் பண்ணி ஆரம்பிங்க" என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஏசுதாசனுக்கு மனப்பாடமான ஜெபம் ஒன்றுதான். தினமும் கடை ஷட்டரைத் தூக்கியதும் செய்வது. பிள்ளைகளை ஆசீர்வதியும் என்று அழகாகத்தான் தொடங்கினார். குரல் ஏறியதும் வாய் கடைக்குப் போய்விட்டது.

"ஆண்டவரே, இந்தக் கோடையிலயும் எங்க ஏரியா கரண்டை நிறுத்தும். டிரான்ஸ்பார்மர்மேல உம்முடைய கரத்தை வையும். புதுசா வர்ற பிளாண்டை..."

ஜென்சி அவர் காலை மிதித்தாள்.

"ஆமென்" என்றார்.

மின்விசிறி நின்றது.

கண்ணைத் திறக்க யாரும் அவசரப்படவில்லை.

"பிளாண்டை என்ன பண்ணச் சொல்லப் போனீங்க, மாமா?" என்றான் எபி.

"வியாபார ஜெபம் தம்பி. பழக்க தோஷம்."

ரத்தினபாய் விசிறியையும் ஏசுதாசனையும் மாறிமாறிப் பார்த்தார். எழுந்து போய்விடுவாரோ என்று ஜென்சி அவசரமாகக் காபியை நீட்டினாள்.

"டேய் எபி, இவரை வெளியாளா விட்டுட்டுப் போனா உன் பிளாண்டு தாங்காதுடா. சம்பந்தி ஆக்கிக்கிறதுதான் நமக்கு சேஃப்டி." ஏசுதாசன் பக்கம் திரும்பினார். "அண்ணா, எங்களுக்குச் சம்மதம். சீர் செனத்தி ஒண்ணும் வேணாம். பிளாண்டுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க, போதும்."

"பண்ணிடலாம் சிஸ்டர். கோடை கழியட்டுமே."

"இப்பவே."

"சின்னதா?"

"முழுசா."

"அப்பா" என்றாள் ஜென்சி.

ஏசுதாசன் கண்ணை மூடினார். நிலையம் ஓங்கி எழும்ப வேண்டும், எபிக்குப் பதவி உயர வேண்டும், புகைபோக்கி நுனிவரை ஒரு குறையும் வரக்கூடாது என்று உருகி உருகி ஜெபித்தார். எந்த வருஷம் திறக்க வேண்டும் என்பதை மட்டும் ஆண்டவரின் சித்தத்துக்கே விட்டுவிட்டார்.