கொண்டியில் ஒரு பூட்டு அதிகம்

எங்கள் கூண்டு வாசலில் ஒரு பூட்டு அதிகமாகத் தொங்கியது. மூன்று முறை தொங்கியது. மூன்றும் பட்டப்பகலில், ஷிப்டு முழுக்க ஆட்கள் நிற்கும்போது நடந்தவை. அதனால் எனக்குத் தூக்கக் கலக்கம், கண் கட்டிவிட்டது என்று யாரும் கதை கட்ட வேண்டாம்.

கூண்டு என்றால், கார் உடம்பைப் பற்றவைக்கும் ரோபோக்கள் நிற்கிற கம்பிவலை அறை. ஆறு ரோபோக்கள். பழுது பார்க்க உள்ளே போகிறவர் முதலில் வாசலில் இருக்கும் மெயின் ஸ்விட்ச் கைப்பிடியை இறக்கி, அதன் கொண்டியில் தன் பூட்டை மாட்ட வேண்டும். பூட்டோடு ஒரு அட்டை தொங்கும், அதில் அவர் போட்டோ. சாவி அவர் பையில். நாலு பேர் போனால் நாலு பூட்டு. வேலை முடிந்து வெளியே வந்து அவரவர் பூட்டை அவரவரே திறக்க வேண்டும், பெற்ற அப்பனாக இருந்தாலும் அடுத்தவர் தொடக் கூடாது. ஒரு பூட்டு மிச்சம் இருந்தாலும் கைப்பிடி மேலே ஏறாது, ரோபோ அசையாது. உள்ளே நிற்கிறவளுக்கு உயிர் அந்தப் பூட்டில்தான் இருக்கிறது.

நிற்கிறவள் என்று சொன்னேன். அந்த லைனில் அப்படிச் சொல்ல நான் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்த அன்றே போர்மேன் எல்லோரையும் கூப்பிட்டு, "நம்ம மெயின்டனன்ஸ்ல முதல் லேடி. பாத்து நடந்துக்கங்கப்பா" என்றார். அன்று முதல் எனக்கு மேடம் என்று பெயர். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். "மேடம், ஸ்பானர் கனமா இருக்கா?" என்று கேட்கிற மேடம்.

இதற்கு முன்னால் ஒரு பைக் ஷோரூமில் இருந்தேன். மெக்கானிக்கல் டிப்ளமாவை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துச் சிரிக்கிற வேலை. மூன்று வருஷம் சிரித்ததில் தாடை வலி மட்டும் மிச்சம். பதினேழு இடத்தில் விண்ணப்பம் போட்டு இங்கே வந்தேன். ஆறு மாதம் பார்ப்பார்கள், அதற்குள் மூன்று முறை பெயர் ரிப்போர்ட்டில் ஏறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இல்லையென்றால் வேலை நிரந்தரம். அம்மா தினமும் காலையில் டிபன் டப்பாவை மூடும்போது, "இன்னும் எத்தனை நாளு?" என்பாள். ஜெயிலில் இருக்கிறவளைக் கேட்பது போலவே கேட்பாள்.

நான்காம் மாதம் முதல் பூட்டு வந்தது. காலை பத்து மணி. வெல்டிங் டிப் மாற்ற நானும் கிரீஸும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே போனோம். கிரீஸ் என்பவன் எங்களில் பழைய ஆள். எத்தனை சோப்பு போட்டாலும் கை வெளுக்காது, அதனால் அந்தப் பெயர். அரை மணியில் வேலை முடிந்தது. நாலு பேரும் பூட்டைத் திறந்தோம். ஒன்று இன்னும் தொங்கியது. சின்னப் பித்தளைப் பூட்டு, அட்டை நனைந்து வெளுத்துப் போயிருந்தது.

"யாருதுய்யா இது?" போர்மேன் வந்தார்.

எல்லாக் கண்ணும் என்மேல் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் பூட்டு என் கையில இருக்கு சார்."

"லேடீஸ்னா ரெண்டு பூட்டு வேணும் போல" என்றான் ஒருத்தன். இரண்டு பேர் சிரித்தார்கள். கிரீஸ் சிரிக்கவில்லை. பூட்டைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

சொந்தக்காரர் இல்லாத பூட்டை வெட்ட ஒரு பாரம், அதாவது படிவம், உண்டு. 'கூண்டுக்குள் போய் நேரில் பார்த்தேன், யாரும் இல்லை' என்று அதில் அச்சடித்திருக்கும். கீழே மூன்று கையெழுத்து. போர்மேன் வாசலில் நின்றபடியே வலைக்குள் எட்டிப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் நாலாவது ரோபோவின் பின்பக்கம் தெரியாது, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கையெழுத்து போட்டார், கிரீஸ் போட்டான், இன்னொருத்தன் போட்டான். கட்டர் எடுத்து நறுக்கென்று வெட்டினார்கள். நாற்பது நிமிஷம் லைன் நின்றதற்கு ஒரு தலை வேண்டுமே, 'புது ஆளின் கவனக்குறைவு' என்று ரிப்போர்ட் எழுதி என் தலையில் கட்டினார்கள்.

இரண்டாவது முறை நான் உஷாராக இருந்தேன். மூன்று பேர் உள்ளே போனோம். போகும்போது மூன்று பூட்டு என்று வாய்விட்டு எண்ணினேன். வெளியே வந்தால் நாலு. அதே பித்தளைப் பூட்டு. போன மாதம் வெட்டிக் குப்பையில் எறிந்த அதே பூட்டு, முழுசாக. அவர்கள் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வெளுத்துப்போன போட்டோவில் ஒரு முகம் தெரிந்தது. தலைமுடியை வலைக்குள் அடக்கிக் கட்டிய ஒரு பெண். என் வயதுதான் இருக்கும்.

என் பெயர் இரண்டாவது முறை ரிப்போர்ட்டில் ஏறியது. ஆனால் என் மனசு அதில் இல்லை. உடை மாற்றும் அறைக்குப் போய் நின்றேன். எனக்காகவே புதிதாகக் கட்டியது என்று சொல்லியிருந்தார்கள். கண்ணாடி சரியாக என் முகத்துக்கு நேராக மாட்டியிருந்தது. அலமாரியின் இடுக்கில் துருப்பிடித்த ஹேர்பின் ஒன்று கிடப்பதை முதல் நாளே பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு மண்டையில் உறைக்கவில்லை. நான்தான் முதல் பெண் என்றால் அந்த ஹேர்பின் யாருடையது?

நேராக ஸ்டோருக்குப் போனேன். பூட்டு கொடுக்கிறவர் ஸ்டோர் கீப்பர்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"எனக்கு முன்னாடி இங்க ஒரு பொண்ணு வேலை பாத்துச்சா சார்?"

டீயைக் கீழே வைத்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"மறைக்காதீங்க. நானும் அதே கூண்டுக்குள்ளதான் போறேன்."

"எட்டு வருஷம் ஆச்சும்மா" என்றார். "நல்ல வேலைக்காரப் பொண்ணு. டீ டைம்ல ஒரு போல்ட்டு பாக்கின்னு உள்ளயே நின்னுச்சு. நாலாவது மிஷின் பின்னாடி. ஆம்பளைங்க எல்லாம் டீ குடிச்சுட்டு வந்தாங்க. பூட்டு தொங்குது, ஆளக் காணோம். பூட்டைக் கழட்ட மறந்துட்டுப் போயிருக்கும்னு பாரத்துல கையெழுத்து போட்டு வெட்டிட்டாங்க, லைனை ஓட விட்டுட்டாங்க."

"உள்ள போய்ப் பாக்கலையா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"அப்புறம் என்ன எழுதினாங்க?"

"பூட்டு மாட்டாம உள்ள போச்சுன்னு எழுதினாங்க. அந்தப் பாரம் காணாமப் போச்சு. பூட்டும் காணாமப் போச்சு. அப்படி ஒரு பொண்ணு இருந்ததையே யாரும் பேசறதில்ல."

"கையெழுத்து போட்டது யாரு?"

"இப்ப இருக்கறவங்கதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, மறு கணம் ஷோரூமும் தண்ணீர் டம்ளரும் ஞாபகம் வந்தன. பூட்டு மாட்டவில்லை என்று எழுதிவிட்டார்கள். அவள் மாட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். பயந்தேன், ஆனால் அவளை நினைத்துப் பயப்படவில்லை.

ஆறு மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. பகல் பதினொரு மணி. இரண்டாவது ரோபோவில் ஒரு காற்றுக் குழாய் கிழிந்தது. நான், கிரீஸ், இன்னும் இரண்டு பேர் போய் மாற்றிவிட்டு வந்தோம், நாலு பூட்டு திறந்தோம். ஐந்தாவது தொங்கியது. மற்ற இரண்டு பேரும் மூச்சு விடாமல் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

போர்மேன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கிரீஸை ஆபீசுக்குப் பாரம் எடுத்துவர விரட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இங்க பாருங்க மேடம். இது மூணாவது. நான் எழுதினா நீங்க வீட்டுக்குத்தான். எழுத மாட்டேன். பாரத்துல மூணாவது கையெழுத்து நீங்க போடுங்க. நாளன்னிக்கு கன்பர்மேஷன் லெட்டர் நானே கையில குடுக்கறேன்."

"உள்ள யாரும் இல்லைன்னு கையெழுத்தா சார்?"

"ஆமா. இல்லதானே?"

என் ஆறு மாதமும் அந்த ஒரு கையெழுத்தில் வந்து நின்றது. போட்டுவிடத்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன். கை அரித்தது. ஆனால் அந்தப் பாரத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று எனக்கு மனப்பாடம்.

"பாத்துட்டு வந்து போடறேன் சார்" என்றேன்.

அதற்குள் அவர் போன் அடித்தது. மேலிடம். "ஓடிடும் சார், அஞ்சே நிமிஷம் சார்" என்று வளைந்து பேசியபடி என்னைப் பார்க்காமலே கையை ஆட்டினார். நான் என் பூட்டைப் பித்தளைப் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

கரண்ட் இல்லாத கூண்டில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. அன்று இருந்தது. டக், டக் என்று ஸ்பானர் தட்டுகிற சத்தம். நாலாவது ரோபோவின் பின்னாலிருந்து வந்தது. கால் பின்னால் இழுத்தது, நான் முன்னால் போனேன். தரையில் ஒரு டார்ச் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. குனிந்து தொட்டேன், இப்போதுதான் யாரோ கையிலிருந்து வைத்தது போலச் சூடாக இருந்தது. கண்ணெதிரே, காற்றில், ஒரு போல்ட் அரைச் சுற்று திரும்பியது.

"ஒரு போல்ட்டுதான் பாக்கி" என்று ஒரு பெண் குரல் சொன்னது. கோபமில்லை, அழுகையில்லை. வேலை நடுவில் யாராவது கூப்பிட்டால் நான் எப்படிச் சொல்வேனோ அப்படி.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் வாய் தானாகச் சொன்னது, "முடிச்சுட்டு வாங்கக்கா."

அப்போதுதான் வாசலில் நறுக்கென்று சத்தம் கேட்டது. கட்டர் சத்தம். எனக்கு அது எப்போதும் மறக்காது. அடுத்து இன்னொரு முறை கட்டர் கடித்தது, இந்த முறை நறுக்கென்று இல்லை, கல்லைக் கடித்த பல் போலக் கிரீச்சிட்டது. பிறகு கைப்பிடியைத் தூக்குகிற சத்தம். டங். ஏறவில்லை. டங். மறுபடி டங்.

நாலாவது ரோபோவின் வெல்டிங் முனை என் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கைப்பிடி ஏறினால் மூன்று நொடியில் அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை ஓட்டிப் பார்க்கிற வேலையே என்னுடையதுதான். டங் என்று நாலாவது முறை கேட்டபோதுதான் கால் நகர்ந்தது. ஓடினேன்.

போர்மேன் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். நான் வலைக்கு அந்தப் பக்கமிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க... பூட்டை மாட்டிட்டுக் கோச்சுக்கிட்டுப் போயிட்டீங்கன்னு..." என்றார்.

என் பூட்டு இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. பித்தளைப் பூட்டின் மேல் கட்டர் கடித்த தடம்கூட இல்லை. அது ஒன்றுதான் கொண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கிரீஸ் பாரத்தோடு ஓடிவந்து நின்றான். டீ குடிக்கப் போனவர்களும் வந்துவிட்டார்கள். நான் பாரத்தைக் கிரீஸ் கையிலிருந்து வாங்கிப் போர்மேன் முன்னால் நீட்டினேன்.

"நீங்க உள்ள போய்ப் பாருங்க சார். பாத்துட்டு கையெழுத்து போடுங்க."

எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் அவர் மறுக்க முடியவில்லை. இடுப்பிலிருந்து தன் பூட்டை எடுத்தார். கொண்டிவரை கொண்டுபோனார். அங்கேயே கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். கீழே கிடந்த கட்டரை நான் எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

"அதைக் கீழ வைம்மா" என்றார்.

"எதுக்கு சார்?"

"நான் உள்ள இருக்கறப்ப அது உன் கையில இருந்தா... பயமா இருக்கும்மா."

"எனக்கு ஆறு மாசமா தினமும் அந்தப் பயம்தான் சார். பூட்டை மாட்டிட்டு உங்களை நம்பித்தான் உள்ள போறேன்."

அவர் பூட்டை மாட்டவில்லை. மெயின் ஸ்விட்ச் பெட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கும் பூட்டு தொங்குச்சு" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "நான்தான் உள்ள போய்ப் பாக்கல."

"நானும் பாக்காமத்தான் கையெழுத்து போட்டேன்" என்றான் கிரீஸ்.

நான் கட்டரை இறக்கி வைத்தேன். அதை எடுக்க ஒருத்தரும் குனியவில்லை. கூண்டுக்குள்ளே ஸ்பானர் தட்டிக்கொண்டிருந்தது. அதை அவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.